வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகம்



"எழுதணும்னு ஆசைதாண்ணே. ஆனா நேரம் எங்க இருக்கு?"

நம் வட்டார வகுப்புகளில் எழுத்து, வாசிப்பு என்று பேச்சை எடுத்தாலே முதலில் வருகிற பதில் இதுதான். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தானா ராத்தாவில் ஓட்டல் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் மூச்சு விட முடியாது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பா சாலையிலும் ரிங்லெட் பக்கத்திலும் கார்கள் ஊர்ந்து ஊர்ந்து மேலே வரும். ஊருக்கெல்லாம் லீவு, நமக்கு மட்டும் இரட்டை வேலை. காய்கறித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்தாக வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை என்றால் ஷிப்ட். படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். தலைமேல் நிற்கிறது. இதற்கு நடுவே கதை எழுது, புத்தகம் படி என்றால் கோபம் வருவது நியாயம்தான்.

ஆனாலும் இந்தப் பாடத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வேலையெல்லாம் முடித்துவிட்டு, நேரம் கிடைத்த பிறகு எழுதியவர்கள் தமிழில் மிகக் குறைவு. வேலையை வைத்துக்கொண்டே எழுதியவர்கள்தான் அதிகம். கீழே நான் பெயர் சொல்லப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படிப்பட்டவர்கள்.

சமய வகுப்பில் நாம் படிக்கிற பெரியபுராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சர். அவர் பாடிய அடியார்களைப் பாருங்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். நேசர் நெசவாளர். அதிபத்தர் மீன் பிடித்தவர். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர். இந்த நால்வரும் தொழிலை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொண்டுக்குப் போகவில்லை. தொழிலுக்கு உள்ளேயே தொண்டு நடந்தது. "சேக்கிழார் தில்லையில போய்த் தங்கிப் பாடினாராமே, நமக்கு அந்த வசதி ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரி, நம் நாட்டுக்கே வருவோம்.

1950-களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' என்று ஒன்றை நடத்தியது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள். பள்ளிக்கூடம் கிடையாது, பெஞ்சு நாற்காலி கிடையாது. பாடம் பத்திரிகையில் வரும். படிக்கிறவர் தம் ஊரில் உட்கார்ந்து கதை எழுதி அனுப்ப வேண்டும். அது எப்படிப்பட்ட காலம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948-இல் தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பல இடங்களில் ஊரடங்கு. மின்சாரம் எட்டாத தோட்ட வீடுகள் ஏராளம். அந்த நிலையில் பகலெல்லாம் வேலை பார்த்தவர்கள் கதை எழுதப் பழகினார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முதல் வரிசையில் நாம் வைக்கிற சில எழுத்தாளர்கள் அந்த வகுப்பின் வழியாக வந்தவர்கள். பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே தொகுத்து எழுதிய மா. இராமையாவும் அவர்களில் ஒருவர். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. அது செய்த எத்தனையோ வேலைகளில் இந்த வகுப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். ரெ. கார்த்திகேசு வானொலியில் இருந்தார், பிறகு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மா. சண்முகசிவா தோல் நோய் மருத்துவர். சயாம் மரண ரயில் பற்றி 'நினைவுச்சின்னம்' எழுதிய அ. ரெங்கசாமி பள்ளி ஆசிரியர். கோ. புண்ணியவானும் ஆசிரியர்தான். நம் பகாங் மாநிலத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொத்தடிமைகளாக வைக்கப்பட்ட கொடுமையை 'செலஞ்சார் அம்பாட்' என்று நாவலாக எழுதினார் அவர். இந்தப் பட்டியலைப் பார்த்து "எல்லாம் படிச்சவங்க, ஆபீஸ் வேலைக்காரங்க" என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்த சோ. தர்மன் 2019-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. கி. ராஜநாராயணன் விவசாயி.

இனி நம் மலைக்கு நெருக்கமான விஷயம். இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

தேயிலை மலைகள் தமிழர்களுக்கு மூன்று நான்கு இடங்களில் உண்டு. இலங்கையின் மலையகம், வால்பாறை இருக்கிற ஆனைமலை, நீலகிரி, நம் கேமரன் மலை. இலங்கையில் சி.வி. வேலுப்பிள்ளை இருந்தார். 1914-இல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆசிரியர் வேலை பார்த்தார், தொழிற்சங்கத்தில் இறங்கினார், 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஒரு சங்கத் தலைவருக்கு எத்தனை வழக்கு, எத்தனை கூட்டம், எத்தனை அலைச்சல் இருந்திருக்கும்! அந்த அலைச்சலுக்கு நடுவே தோட்டத்து மக்களின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். தேயிலைத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் நீண்ட கவிதையும் எழுதினார். அதைச் சக்தீ பாலையா தமிழுக்குக் கொண்டுவந்தார்.

அவருக்கு முன்பே இன்னொருவர் உண்டு. கோ. நடேசையரின் மனைவி மீனாட்சியம்மாள். தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி, தோட்ட மக்கள் நடுவில் தாமே பாடினார். அப்புறம் தெளிவத்தை ஜோசப். 'தெளிவத்தை' என்பது அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர். அதையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். சிறுகதை, நாவல், ஆய்வு என்று விடாமல் எழுதி, 2013-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022-இல் மறைந்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்ல நம்மில் சிலர் கூச்சப்படுகிறோம். "எந்த ஊரு?" என்று கோலாலம்பூரில் யாராவது கேட்டால் "கேமரன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம், எந்த டிவிஷன் என்று வாயே திறப்பதில்லை. அந்த மனிதர் தோட்டத்தின் பெயரைக் காலமெல்லாம் கையெழுத்தாகப் போட்டார்.

ஆனைமலைக்கு வந்தால் பி.எச். டேனியல். தோட்ட மருத்துவர். தாம் வைத்தியம் பார்த்த மக்களிடம் கேட்டறிந்ததை வைத்து 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் வெளியிட்டார். அதைத்தான் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' படம் அதைத் தழுவியதுதான். படம் பார்த்த நம்மில் எத்தனை பேர் புத்தகத்தைத் தொட்டிருக்கிறோம் என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும்.

இவர்கள் நால்வரையும் நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வேலை இவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் எழுதுவதற்கான பொருளைக் கொடுத்ததும் அதே வேலைதான். டேனியல் மருத்துவமனையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருந்தால் அவரிடம் எழுத என்ன இருந்திருக்கும்?

நம் மலைக்கு வருவோம். போ தேயிலைத் தோட்டம் 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது. பாரத் தேயிலை 1933. தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை முடிந்ததும் அந்தக் காலக்கட்டத்தில்தான். ஆக, 2029 வந்தால் நூறு ஆண்டு. நிறுவனத்தின் கதையை எழுத நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கும். லயத்தின் கதையை யார் எழுதப் போகிறார்கள்? ரப்பர் தோட்டத்தைப் பற்றி மலேசியத் தமிழில் அலமாரி நிறையக் கதைகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அகிலன்கூட 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அந்த அலமாரியில் தேயிலை மலைக்குக் கிடைத்தது ஓர் ஓரம்தான். இன்றைக்குக் கொழுந்து எடுக்கிறவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். நம் பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போவது தவறில்லை. ஆனால் கூடை சுமந்த பாட்டிமார்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடுகிறார்கள். நீங்கள் "நேரம் கிடைக்கட்டும்" என்று காத்திருக்கலாம், அவர்களால் காத்திருக்க முடியாது.

அப்படியானால் எப்படிச் செய்வது? எனக்குப் பலித்ததும், வகுப்புப் பிள்ளைகளிடம் பலிக்கக் கண்டதும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாசிப்பு. ஷிப்ட் வேலைக்காரருக்கு நாவலைவிடச் சிறுகதை ஒத்துவரும். நாவலைப் பாதியில் வைத்துவிட்டு நான்கு நாள் கழித்து எடுத்தால் யார் யார் என்பதே மறந்துபோகும். பத்துப் பக்கச் சிறுகதையை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு கதை என்று வைத்தால் ஆண்டுக்கு நூறு கதை. புத்தகம் வாங்க வெள்ளி இல்லை, நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் குறைவு என்பதற்கும் இன்று வழி இருக்கிறது. 'மதுரைத் திட்டம்' 1998-லிருந்து தமிழ் நூல்களை இலவசமாக மின்வடிவில் தருகிறது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகம் இருக்கிறது. மலையகத்தார் எழுதியவற்றைத் தேட அதுதான் இடம். பள்ளத்தாக்கில் லைன் கிடைக்காது என்பதால், லைன் இருக்கும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புலனத்தில் காலை வணக்கப் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் அதே விரலால் ஒரு கதையையும் தள்ளிப் படிக்கலாம்.

இன்னொன்று, சத்தமாகப் படியுங்கள். அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதென்ன பெரிய கதை, எங்க காலத்துல..." என்று ஆரம்பிப்பார். அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது.

அடுத்தது எழுத்து. ஒரு நாளில் கிடைக்கும் நேரம் எல்லாம் ஒரே மாதிரி நேரம் இல்லை. பசியாறும் இடைவேளையில் கிடைக்கிற பத்து நிமிடத்தில் கதை எழுத முடியாது, குறிப்பு எழுதலாம். சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு போதும். அன்றைக்குக் கேட்ட ஒரு பேச்சு, பார்த்த ஒரு கை, ஒரு வாசனை. ஐந்து வரி. "மலையின் எழில் கண்டேன், பனித்துளி கண்டேன்" என்று எழுத வேண்டாம். அதைச் சுற்றுலாப் பயணி எழுதுவார். கொழுந்து எடுத்தவர் விரலில் கறை எப்படிப் படிகிறது, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு மழையில் என்ன சத்தம் போடும், வாடப்போட்ட இலை இரவு ஷிப்டில் எப்படி மணக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதுங்கள்.

குறிப்பைக் கதையாக்க நீளமான நேரம் வேண்டும். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களுக்குத் திங்கள், செவ்வாய் கொஞ்சம் ஓயும். அதில் ஒரு மாலை ஒன்றரை மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். தினமும் ஒரு மணி நேரம் எழுதுவேன் என்று சபதம் போடுகிறவர்கள் மூன்றாவது நாளே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மாலை என்றால் நிற்கும். அந்த மாலை கோயில் திருவிழாவிலோ உறவினர் கல்யாணத்திலோ போய்விட்டால் போகட்டும். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்க வேண்டிய நாளில் "நான் எழுதிக்கிட்டிருக்கேன்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத என்ன கிடைக்கும்?

எழுதியதைத் திருத்துவதற்கு நம் தோட்டத்து வேலையே பாடம். ஒரு வரிசையில் கொழுந்து எடுத்தால் சில வாரம் விட்டுவிட்டுத்தான் திரும்ப அதே வரிசைக்கு வருகிறோம். எழுதியதையும் அப்படி விட்டுவிட்டு வந்து பாருங்கள். எழுதிய இரவில் கண்ணுக்குத் தெரியாத பிசகு மூன்று வாரம் கழித்துப் பளிச்சென்று தெரியும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள்தான் தேறும். பத்துப் பக்கம் எழுதி இரண்டு பக்கம் தேறினால் நஷ்டம் என்று கணக்குப் போடாதீர்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது செடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் வெட்டாத செடி மரமாகிப் போகும், கைக்கு எட்டாது.

இனி தராசின் மறு தட்டு. எழுத்தார்வம் வந்த பிள்ளைகளிடம் ஒரு குறையைப் பார்க்கிறேன். தட்டைக் கழுவச் சொன்னால் "மூடு போயிரும்மா" என்கிறார்கள். எழுதுகிறவர் தட்டுக் கழுவக்கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் கடைசி மூன்று நான்கு மாதம் கதையை ஓரமாக வைத்துவிடுங்கள். இரவு படுக்குமுன் மூன்று வரிக் குறிப்பு போதும். கதை எழுதினால் தமிழ்த் தேர்வில் தானாகப் புள்ளி கூடும் என்று ஆசைகாட்ட மாட்டேன். தேர்வுக் கட்டுரையின் வழி வேறு, கதையின் வழி வேறு. தூக்கத்தைத் திருடி எழுதுவதையும் நான் ஆதரிக்கவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய கை அது.

இந்தத் தராசைப் பற்றிப் பேசும்போது பெற்றோரிடமும் அண்ணன்மாரிடமும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் மகன் வேலைவிட்டு வந்தால் 'ஓய்வு'. மகள் வேலைவிட்டு வந்தால் அடுப்படி. அவளுக்கு எந்த மாலையைக் குறித்து வைக்கச் சொல்வது? தமிழ்நாட்டில் துவரங்குறிச்சி என்ற ஊரில், வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், கல்யாணமான பிறகு வீட்டாருக்குத் தெரியாமல் குளியலறையில் நின்றுகொண்டு கவிதை எழுதினார். தம் பெயர் தெரிந்துவிடக் கூடாது என்று 'சல்மா' என்ற புனைபெயரில் அனுப்பினார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவல் அவருடையது. பின்னாளில் ஊராட்சித் தலைவராகவும் வந்தார். இதைக் கேட்டுவிட்டு "பாத்தியா, ஆர்வம் இருந்தா எங்கயும் எழுதலாம்" என்று தங்கைக்குப் புத்தி சொல்ல வேண்டாம். அந்தப் பெண் குளியலறையில் நிற்க வேண்டிவந்தது யாரால் என்று யோசியுங்கள். வாரத்தில் ஒரு நாள் இரவுச் சமையலை அண்ணன் எடுத்துக்கொண்டால் வீட்டில் ஒரு எழுத்தாளருக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். மேகியாவது கிண்டத் தெரியாதவர் நம் இயக்கத்தில் இருக்க மாட்டார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம்முடையது சின்ன ஊர். கதையில் "மூன்றாம் லயத்துக் கடைசி வீட்டு அண்ணன்" என்று எழுதினாலே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். அடுத்த வீட்டுச் சண்டையையும் குடியையும் அப்படியே எடுத்துப் போட்டால் நாளைக் காலை அதே தண்ணீர்க் குழாயடியில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். பெயர், வீடு, வேலை மூன்றையும் மாற்றுங்கள். மாற்றியும் ஆள் தெரிகிறார் என்றால், அந்தக் கதை இன்னும் வேகவில்லை. உங்களிடம் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் கதையாக்க வேண்டாம், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும்.

எழுதியதை எங்கே அனுப்புவது என்று கேட்கிறீர்கள். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் 'பேரவைக் கதைகள்' போட்டியில் மாணவருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் முதலில் நம் வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கேட்கிறவர்கள் எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்த மாதப் பயிற்சி இது. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, தோட்டத்தில் வேலை பார்த்த மூத்தவர் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரே கேள்விதான்: "முதல் நாள் வேலைக்குப் போனது எப்படி?" கேட்டதை இரண்டு பக்கத்துக்குள், அவர் பேச்சிலேயே எழுதுங்கள். அவர் 'பிரட்டு' என்று சொன்னால் 'காலை வருகைப் பதிவு' என்று மாற்றாதீர்கள். 'கிராணியாரு', 'தண்டல்', 'கங்காணி' எல்லாம் அப்படியே இருக்கட்டும். பேசும்போது தேத்தண்ணி கலந்து கொடுங்கள். எழுதி முடித்ததும் அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். "இத எழுதாத" என்று அவர் சொல்லும் இடத்தை அடித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.